திருவள்ளூரா, திருநின்றவூரா, ஆவடியா? தினமும் கடற்கரை ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய்வர எங்கே வீடு பார்ப்பது?

தாமிரபரணிப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். வீட்டுக்காரர் மூன்று வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மூன்று ஷிப்ட். இத்தனை நாளும் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இப்போது எனக்கும் சென்னையில் பாரிமுனையில் ஒரு சரக்கு ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும், மாலை ஆறுக்கு விடுவார்கள். அதனால் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகள் வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அத்தை கூட வருகிறார்கள், பிள்ளையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் எந்த ஊர் என்று மேப்பைப் போட்டுப் பார்த்தால் திருநின்றவூர்தான் நடுவில் வருகிறது. அவர் திருவள்ளூர் என்கிறார், கம்பெனி பஸ் அங்கே மணவாள நகர் பக்கம் வருமாம். எனக்கு அது ரொம்ப தூரமாகத் தெரிகிறது. என் தோழி ஒருத்தி ஆவடிக்கு வந்துவிடு, வண்டிக்குப் பஞ்சமே இல்லை என்கிறாள். வாடகைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எங்களால் முடியாது.

நான் இதுவரை மின்சார ரயிலில் மொத்தமே நாலைந்து முறைதான் போயிருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தினமும் இந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ராத்திரி ஏழரை, எட்டுக்குள் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட முடியுமா? அதுதான் எனக்கு முக்கியம்.

---

ஆவடி_ராம்நகர்

சகோதரி, தோழி சொன்னது சரி. ஆவடியில் இருந்து கிளம்பும் வண்டிகளே நிறைய. அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூரில் இருந்து வரும் வண்டி எல்லாமும் இங்கே நிற்கும். ஒன்றை விட்டால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சென்ட்ரல் இங்கிருந்து 21 கிலோமீட்டர்தான், முக்கால் மணிக்குச் சற்று முன்பின்.

ஆனால் பத்தாயிரத்துக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பது இப்போது கஷ்டம். உள்ளே தள்ளிப் போனால் கிடைக்கும், அப்புறம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஆவடி வருவதும் சுலபம் இல்லை. அதையும் யோசியுங்கள்.

---

வாசல்கோலம்

தங்கச்சி, நான் திருவள்ளூர். பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் 27 வருடம் வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் இதே தடத்தில் யூனிட்டில்தான் போய் வந்தேன். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் மின்சார ரயிலை யூனிட் என்றுதான் சொல்வோம், நீங்களும் கேட்டுப் பழகிவிடுவீர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதல் வருடம் நான் பட்ட பாடு ஞாபகம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் நடுவில் எது என்று பார்க்காதீர்கள். வண்டி எங்கே இருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். நான் அறிந்தவரை இந்தத் தடத்தில் குடியேறுகிறவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். சென்ட்ரலில் இருந்து திருநின்றவூர் 29 கிலோமீட்டர், திருவள்ளூர் 42. பார்த்தால் திருநின்றவூர் லாபம் என்று தோன்றும். ஆனால் காலை ஏழரை மணிக்குத் திருநின்றவூரில் வந்து நிற்கிற வண்டி அரக்கோணத்திலோ திருவள்ளூரிலோ நிரம்பி, செவ்வாப்பேட்டையிலும் வேப்பம்பட்டிலும் இன்னும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும். ஆவடியில் இன்னொரு கூட்டம் ஏறும். அம்பத்தூர், பட்டரவாக்கத்தில் தொழிற்பேட்டை வேலைக்குப் போகிறவர்கள் இறங்கினால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். அதுவரை நின்றுகொண்டே வர வேண்டும். ஒரு நாள் நிற்கலாம், ஒரு மாதம் நிற்கலாம். மழைக்காலத்தில், உடம்பு முடியாத நாட்களில், பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு தினமும் நிற்பது வேறு.

திருவள்ளூரில் கதை வேறு. இங்கேயே கிளம்பும் வண்டிகள் இருக்கின்றன. கிளம்ப பத்து நிமிடம் முன்னால் போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். கடற்கரை வரை ஒன்றேகால் மணியில் இருந்து ஒன்றரை மணி ஆகும், உண்மைதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் உட்கார்ந்துகொண்டு போவீர்கள். நான் என் பெண்ணின் பள்ளிச் சீருடைக்கு ஹெம் அடித்ததெல்லாம் யூனிட்டில்தான். மாலையிலும் அப்படியே. கடற்கரையில்தான் வண்டி கிளம்புகிறது, அங்கேயும் உட்காரலாம். சென்ட்ரல் போய் ஏறினால் அந்த வசதி பாதி நாள் இருக்காது, அங்கே பிளாட்பாரத்தில் கூட்டம் முன்பே காத்திருக்கும்.

கடற்கரை வண்டி எல்லா நேரத்திலும் இருக்காது, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் தடத்து வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்துக்குத்தான் போகும். சில வண்டிகள்தான் வியாசர்பாடி ஜீவா தாண்டியதும் பிரிந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை போகும். போர்டைப் பார்த்து ஏறுங்கள். கடற்கரை வண்டியை விட்டுவிட்டால் பதற வேண்டாம். மூர் மார்க்கெட்டில் இறங்கி சென்ட்ரல் மெட்ரோவுக்கு இறங்கினால் அடுத்த நிலையமே உயர்நீதிமன்றம். பாரிமுனை அங்கேயே. மெட்ரோ 2019-இல்தான் வந்தது. அதற்கு முன்பு நாங்கள் பூங்கா ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கே தாம்பரம் பக்கம் இருந்து வரும் கடற்கரை வண்டியைப் பிடிப்போம்.

சீசன் டிக்கெட் எடுக்கும்போது திருவள்ளூர் - சென்னை கடற்கரை என்று கேட்டு எடுங்கள். எங்கள் பெட்டியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சென்ட்ரல் வரைதான் சீசன் வைத்திருந்தாள், கடற்கரையில் மாட்டிக்கொண்டாள். அபராதமே குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. மாதச் சீசன் விலை சுமாராகப் பதினைந்து தடவை ஒரு வழி போகிற காசு. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் அதைப் போல 2.7 மடங்குதான், மூன்று மடங்கு இல்லை. வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு மூன்று மாதச் சீசனாக எடுங்கள். வரிசையில் நிற்கும் நாளும் குறையும்.

இனி வீடு. ஸ்டேஷனில் இருந்து வீடு வரைக்கும் ஒரு தடவை பகலிலும் ஒரு தடவை இரவு எட்டு மணிக்கும் நீங்களே நடந்து பாருங்கள். தரகர் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் எல்லா வீடும் ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். தெருவிளக்கு எரிகிறதா, நாய்க்கூட்டம் இருக்கிறதா, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தெருவா, வழியில் எட்டு மணிக்கும் திறந்திருக்கிற ஒரு கடையாவது இருக்கிறதா, இதெல்லாம் நடந்தால்தான் தெரியும். பதினைந்து நிமிட நடைக்கு மேல் வேண்டாம். நான் முதலில் பெரியகுப்பத்தைத் தாண்டி உள்ளே குடியிருந்தேன். வாடகை குறைவு. ஆனால் எட்டு மாதத்தில் ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை, ஸ்டேஷனுக்குப் பக்கமாக மாறிவிட்டோம். உங்கள் வீட்டுக்காரருக்கு மணவாள நகர்ப் பக்கம் பஸ் வருகிறது என்றால், தண்டவாளத்துக்குத் தெற்கே அந்தப் பக்கமே பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒத்துவரும்.

கூட்டத்துக்குப் பயப்படுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். ஒரே வண்டி, ஒரே பெட்டி, முடிந்தால் ஒரே கதவு. பத்து நாளில் உங்கள் முகம் அவர்களுக்குப் பழகிவிடும். எங்கள் கதவுப் பக்கம் ஒன்பது பேர். ஒருத்தி அரசு மருத்துவமனையில் நர்ஸ், இரண்டு பேர் சௌகார்பேட்டையில் துணிக்கடை, ஒருத்தி வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள், இன்னொருத்தி கொத்தவால்சாவடியில் கணக்கு எழுதுபவள். மாலை வண்டியில் வண்ணாரப்பேட்டை தாண்டியதும் மடியில் செய்தித்தாளை விரித்து அவரைக்காய் நார் உரிக்க ஆரம்பிப்பார்கள். யாருடைய அவரைக்காய் என்று கேட்க மாட்டோம், எல்லோரும் ஒரு பிடி எடுத்து உரிப்போம். ஆவடி வருவதற்குள் அரைக் கிலோ காய் சுத்தமாகிவிடும். வீட்டுக்குப் போனதும் தாளித்தால் போதும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு ஊட்ட முடியுமா என்று கேட்டீர்களே, அந்த அரை மணி நேரத்தை எனக்கு மீட்டுக் கொடுத்தது இதுதான்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. அன்றைக்குப் பெய்த மழையை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். கடற்கரையில் ஏறிய வண்டி நகர்ந்து நகர்ந்து கொரட்டூருக்கு முன்னால் நின்றுவிட்டது. வெளியே பார்த்தால் தண்டவாளம் தெரியவில்லை, தண்ணீர்தான். போன் வேலை செய்யவில்லை. என் பெண் அப்போது பத்தாவது, வீட்டில் தனியாக இருந்தாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, பிள்ளை பெரியவள், பக்கத்து வீட்டில் இருப்பாள், நீங்கள் முதலில் இதைச் சாப்பிடுங்கள் என்று பையில் இருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரம் கழித்து வண்டி ஊர்ந்து அண்ணனூர் வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. எங்களில் ஒருத்தி வீடு அங்கே. ஏழு பேரும் முழங்கால் தண்ணீரில் அவள் வீட்டுக்கு நடந்தோம். அவள் மாமியார் அந்த நேரத்தில் எழுந்து, ஸ்டவ்வில் ரவை கிண்டிக் கொடுத்தார். ஏழு பேரும் ஒரே ஹாலில் அவருடைய பழைய புடவைகளை விரித்துப் படுத்தோம். என் பெண் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள், மறுநாள் போய்த்தான் தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தனியாக ஒரு ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். பேர் சொல்லுங்கள், ஊர் சொல்லுங்கள், போன் நம்பர் வாங்கி வையுங்கள்.

---

தாமிரபரணிப்பெண்

அக்கா, படித்துவிட்டு அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். அவரைக்காய் விஷயத்தைக் கேட்டு அவர்களுக்கு இப்போதுதான் முகம் தெளிந்தது. இவள் தினமும் அவ்வளவு தூரம் தனியாகப் போவாளே என்று ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்தார்கள்.

ஒரு சந்தேகம். எனக்குத் திருநின்றவூர் மேல் ஒரு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. அப்பா பெரியபுராணம் படிப்பவர். பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் என்று சின்ன வயதில் கதை சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் இருக்கலாமே என்று தோன்றியது. அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மையிலேயே தினமும் நின்றுகொண்டுதான் வர வேண்டுமா?

---

நின்றவூர்_மாணவன்

அக்கா, நான் திருநின்றவூர்தான். கல்லூரி மூன்றாம் வருடம், தினமும் சென்ட்ரல் வண்டி. வாசல்கோலம் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காலை ஏழில் இருந்து எட்டரை வரை உட்கார இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். நாங்கள் பையன்கள், நின்றுவிடுவோம். என் அம்மா அம்பத்தூரில் வேலை பார்க்கிறார், அங்கே போக அரை மணிக்கும் குறைவு என்பதால் சமாளிக்கிறார். கடற்கரை வரை என்றால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊர் நல்ல ஊர். ஹிருதயாலீஸ்வரர் கோயிலில் பூசலாருக்குச் சிலை இருக்கிறது, இதயநோய் தீர வேண்டும் என்று வெளியூரில் இருந்தெல்லாம் வருவார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் பக்கத்திலேயே. ஆனால் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துகொள்ளலாம், திருவள்ளூரில் இருந்து நாலே ஸ்டேஷன்தான். புட்லூர், செவ்வாப்பேட்டை ரோடு, வேப்பம்பட்டு, அடுத்தது எங்கள் ஊர்.

இன்னொன்று. இங்கே பலர் மேம்பாலமோ படியோ ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பார்கள். எல்லோரும் போகிறார்களே என்று நீங்களும் போகாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் அப்படித்தான் போனார். லோக்கல் போய்விட்டது என்று இறங்கினார், அடுத்த தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்தது. அவர் சாப்பாட்டுப் பை மட்டும் பிளாட்பாரத்து ஓரத்தில் கிடந்தது. நான்தான் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுத்தேன்.

---

கார்ஷெட்_பெரியவர்

அம்மா, நான் ரயில்வேயில் யூனிட் பராமரிப்பில் 31 வருடம் இருந்தவன். தம்பி சொன்னதைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யூனிட் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வேகம் பிடித்துவிடும், அதற்காகவே செய்த வண்டி அது. எக்ஸ்பிரஸ் வரும் சத்தம், பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடும்போது காதில் தனியாக விழாது. தண்டவாளத்தைக் கடப்பது சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தண்டனைக்குப் பயந்து நிற்க வேண்டாம். பிள்ளையை நினைத்துப் படி ஏறுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். மாலையில் சென்ட்ரலில் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று போர்டு போட்டு ஒரு வண்டி நிற்கும். அது ஆவடி தாண்டி, பட்டாபிராமில் மெயின் தடத்தை விட்டுப் பிரிந்து சைடிங்குக்கு, அதாவது கிளைத் தடத்துக்கு, போய்விடும். திருநின்றவூர், திருவள்ளூர் வராது. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறி, தூங்கிவிட்டால் சைடிங்கில்தான் கண் விழிப்பீர்கள். அவசரத்தில் ஏறிவிட்டால் ஆவடியில் இறங்கிப் பின்னால் வரும் வண்டியைப் பிடியுங்கள், அங்கே இறங்கினால் பிளாட்பாரத்தில் வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள். அதேபோல ஆவடி வரை மட்டும் போகிற வண்டிகளும் நிறைய. யூனிட் பராமரிக்கும் எங்கள் கார்ஷெட் அண்ணனூரில் இருப்பதால் வண்டிகள் அங்கே வந்து திரும்பும்.

பெண்கள் பெட்டியில் ஆண் யாராவது ஏறி இறங்க மறுத்தால், வாக்குவாதம் செய்ய வேண்டாம். 139-க்கு போன் செய்யுங்கள். ரயில் எண் தெரியாவிட்டாலும் எந்த ஸ்டேஷனில் இருந்து எங்கே போகிற வண்டி, இப்போது எந்த ஸ்டேஷன் தாண்டியது என்று சொன்னால் போதும். பெட்டிக்குள் எழுதியிருக்கும் கோச் எண்ணையும் சொல்லலாம். அந்த எண் கதவுக்கு உள்பக்கம் மேலே இருக்கும், ஏறியதும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

நீங்கள் போகப் போகிற வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான், 1856 ஜூலை 1, ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை. சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டி வந்தது அதற்கப்புறம், 1873-இல். கடற்கரை வண்டியில் போனால் ராயபுரத்தில் அந்தப் பழைய கட்டடத்தைத் தினமும் பார்ப்பீர்கள், தூண் வைத்த முகப்பு. நாட்டில் இன்றைக்கும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் மூத்தது. வழியில் பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸ், லோகோ வொர்க்ஸ் என்று ஸ்டேஷன் பெயரே பட்டறைப் பெயராக இருக்கும். நீங்கள் உட்கார்ந்து போகிற பெட்டியும் அதே பெரம்பூரில், 1955-இல் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையில் செய்ததுதான். என் கையில் பழுது பார்த்த பெட்டி ஒன்றில் இந்த வயதில் ஏறி உட்காரும்போது எனக்கு இன்னும் மனசு நிறைகிறது.

---

ஆவடி_ராம்நகர்

பெரியவர் சைடிங் வண்டியைச் சொன்னது நல்லது. என் தம்பிக்கே அது நடந்திருக்கிறது.

அமாவாசையை யாரும் சொல்லவில்லையே. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு முதல் நாள் மாலையே கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற காவடிக் கூட்டம் தனி. அந்த நாட்களில் மாலை வண்டியில் கொஞ்சம் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

---

வாசல்கோலம்

அமாவாசையைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். எனக்கு அது கூட்டமாகவே தோன்றியதில்லை, அதனால் மறந்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரி கோயிலிலேயே தங்கி, காலையில் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கிராமத்துப் பெண்கள் அவர்கள். பெட்டியில் இடம் இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்துகொள்வார்கள். கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்தால் முதல் உருண்டை நமக்குத்தான் வரும். புளியோதரை, தொட்டுக்கொள்ள மாவடு. அவர்களுக்குக் கொஞ்சம் கால் இடுக்கிக்கொண்டு இடம் விடுங்கள் தங்கச்சி.

கார்ஷெட் ஐயா சொன்ன கோச் எண் விஷயம் 27 வருடத்தில் எனக்கே தெரியாது. நன்றி ஐயா.

தாமிரபரணிப்பெண், நேரத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆறுக்கு விட்டால் ஆறேகாலுக்குள் கடற்கரை ஸ்டேஷனில் இருக்கலாம். ஏழே முக்காலில் இருந்து எட்டுக்குள் திருவள்ளூர். வண்டி வழியில் சிக்னலுக்கு நின்றால் எட்டேகால் ஆகும், வாரத்தில் ஒரு நாளாவது நிற்கும். ஏழரைக்கு வீடு என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எட்டரைக்கு அம்மா வருவாள் என்று சொல்லி வையுங்கள். எட்டுக்குப் போனால் அவளுக்குச் சந்தோஷம். மாலை நாலரைக்கே அத்தை ஏதாவது கொடுத்துவிட்டால், எட்டுக்குப் பிள்ளைக்கு மறுபடி பசிக்கும், நீங்கள் ஊட்டலாம். என் பெண்ணுக்கு அப்படித்தான் செய்தேன். அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, இன்னும் எட்டு மணிக்குத்தான் சாப்பிடுகிறாள்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் வந்து போய்ப் பாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், அன்று எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

---

தாமிரபரணிப்பெண்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். புதன்கிழமை காலை நெல்லையில் இருந்து வந்து எழும்பூரில் இறங்கி, குளித்துவிட்டு, திருவள்ளூர் போய் வீடு பார்த்தோம். அன்று மாலை இவர் பாரிமுனை வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து திரும்புவதற்கு மட்டும் நான் தனியாக, பெண்கள் பெட்டியில். இவர் அடுத்த பெட்டியில் இருந்தார்.

ராயபுரத்தில் தூண்களைப் பார்த்தேன் ஐயா. இருட்டு விழும் நேரம், விளக்கு போட்டிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, புதுசாம்மா என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஜன்னல் கம்பியைப் பிடிக்காதே, வில்லிவாக்கத்தில் காற்று அடித்தால் ஷட்டர் தானாக விழும், விரல் போய்விடும் என்று என் கையை எடுத்து மடியில் வைத்தார். கொரட்டூரில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் அக்கா. திருவள்ளூரில் இறங்கும்போது மணி எட்டு ஐந்து.

மணவாள நகர்ப் பக்கம் வீடு சொல்லிவிட்டோம். ஸ்டேஷனில் இருந்து பன்னிரண்டு நிமிடம், நானே இரண்டு தடவை நடந்து பார்த்தேன். தெருமுனையில் ஒரு மாவு அரைக்கிற கடை இருக்கிறது, ஒன்பதரை வரை திறந்திருக்குமாம். வாடகை ஒன்பதாயிரம். ஜூன் முதல் வாரத்தில் வருகிறோம். அக்கா, உங்கள் ஒன்பது பேரில் இன்னும் யாராவது அந்தக் காலை வண்டியில் போகிறார்களா? எந்தக் கதவு?

---

வாசல்கோலம்

ஆறு பேர் இன்னும் போகிறார்கள் தங்கச்சி. நர்ஸ் இருக்கிறாள், அண்ணனூர்க்காரி இருக்கிறாள். பெண்கள் பெட்டியில் முன்பக்கத்தில் இருந்து இரண்டாவது கதவு, இடது கைப் பக்கம். நான் நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன், ஜன்னல் ஓரம் ஒரு இடம் வைத்திருப்பார்கள்.

முதல் நாள் நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பச்சை ஒயர்கூடை. ஒரு நூல்கண்டு மட்டும் பையில் வையுங்கள். புட்லூரில் உதிரி மல்லி கொண்டு ஒரு அம்மா ஏறுவார், கட்டிக்கொண்டே போகலாம்.